சிவனொளிபாத மலையில் ஒரு விண்ணேணி



சென்ற இதழ் உங்கள் கைக்கு வந்த கிழமையே, நாவலப்பிட்டிக்கு மேலே உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை எமக்கு எழுதியிருந்தார். பாடசாலை நூலகத்தில் அரசர் கதையும் நரிக் கதையும் நிறைய உண்டு. பிள்ளைகளோ சந்திரனுக்குப் போகிற கதை கேட்கிறார்கள். தமிழில் எதை எடுத்துக் கொடுப்பது என்பது அவர் கேள்வி. இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே தருகிறேன்.

மனிதன் விண்ணுக்குப் போவதற்கு முன்பே பிள்ளைகள் கதைகளில் அங்கே போய்விட்டார்கள். 1947 முதல் 1958 வரை ரொபேர்ட் ஹைன்லைன் அமெரிக்கச் சிறுவர்களுக்காக ஆண்டுக்கு ஒன்று என்று விண்பயண நாவல்கள் எழுதினார். ஐசக் அசிமோவ் போல் பிரெஞ்ச் என்ற புனைபெயரில் லக்கி ஸ்டார் கதைகளைத் தந்தார். பெல்ஜியத்தில் ஹெர்ஜே தன் டின்டினைச் சித்திரக் கதையில் சந்திரனில் இறக்கியபோது, ஆம்ஸ்ட்ரோங் அங்கே கால் வைக்க இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. இவர்களோடு சேர்ந்து நின்ற ஒருவர் நமக்கு மிக நெருக்கமானவர். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008 மார்ச் 19இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்.

அவர் 1952இல் சிறுவர்களுக்கென்று எழுதிய நாவல் 'ஐலன்ட்ஸ் இன் த ஸ்கை'. ரோய் மல்கம் என்ற பையன் விமானவியல் பற்றிய வினாவிடைப் போட்டியில் வெல்கிறான். பூமியில் எந்த இடத்துக்கு வேண்டுமானாலும் போகலாம் என்பது பரிசு. பையன் சட்டத்தைப் படித்துப் பார்க்கிறான். பூமியைச் சுற்றிவரும் விண் நிலையமும் சட்டப்படி பூமியின் எல்லைக்குள்தான் வருகிறது. "அப்படியென்றால் அங்கே அனுப்புங்கள்" என்கிறான். வாளும் மந்திரமும் இல்லாமல், கவனமாகப் படித்ததையே ஆயுதமாக்கி ஒரு பிள்ளை விண்ணுக்குப் போகும் கதை இது. இந்தத் தொடக்கத்தை எந்த வகுப்பில் சொன்னாலும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவருடைய சிறுகதை ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விண் நிலையம் கட்டும் தொழிலாளி ஒருவர் கனேரிக் குருவி ஒன்றை ஒளித்துக் கொண்டுவந்து வளர்க்கிறார். ஒருநாள் காலை எல்லோருக்கும் தலைவலி, சோம்பல். குருவி அசையாமல் கிடக்கிறது. ஒட்சிசன் கொடுத்ததும் கண் திறக்கிறது. திரும்ப வெளியே எடுத்ததும் மயங்கிவிடுகிறது. அப்போதுதான் ஒருவருக்குப் பொறி தட்டுகிறது: கெட்டுப்போனது குருவியின் உடம்பல்ல, நிலையத்தின் காற்று. எச்சரிக்கைக் கருவியும் அன்று வேலை செய்யவில்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் அந்தக் காலத்தில் கனேரியைக் கூடவே கொண்டு இறங்கியது இதற்காகத்தான். சுரங்கத்தின் பழைய அறிவு விண்ணில் உயிர் காக்கிறது. தொழிலாளரின் அனுபவம் எவ்வளவு பெறுமதியானது என்று மலையகப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல விண்வெளிக் கதை கிடைக்குமா என்று தெரியவில்லை.

இந்தக் கதைகளின் உயிர் கணக்குச் சரியாக இருப்பதில் இருக்கிறது. என் உறுதியான கருத்து இது. 1865இல் ஜூல்ஸ் வேர்ன் தன் வீரர்களை 900 அடி நீளப் பீரங்கியில் வைத்துச் சந்திரனை நோக்கிச் சுட்டார். மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' பலர் வீட்டில் இன்னும் இருக்கும். வேர்னை மனதார நேசித்த பெரல்மான், அவர் கணக்கில் எங்கே பிழை என்று அதில் அன்போடு காட்டுகிறார். பீரங்கிக் குழாய்க்குள் அவ்வளவு வேகத்தை எட்டுவதென்றால், உள்ளே இருப்பவர்கள் தங்கள் எடையைப்போலப் பல்லாயிரம் மடங்கு பாரத்தில் நசுங்கிப் போவார்கள். அதோடு, வேர்ன் எழுதியதுபோல எடையற்ற நிலை வழியில் ஓரிடத்தில் மட்டும் வருவதில்லை. குண்டு காற்றைத் தாண்டிய கணத்திலிருந்து பயணம் முழுவதும் இருக்கும். பிழை பிடித்த பிறகும் வேர்னின் கதை இனிக்கிறது. பிள்ளைகள் கதையையும் படிக்கட்டும், பிழையையும் கண்டுபிடிக்கட்டும்.

இனி நம் மலைக்கு வருகிறேன். கிளார்க் 1979இல் வெளியிட்ட 'த ஃபவுன்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' சிறுவர் நூலன்று. ஆனால் சாதாரண தரப் பிள்ளை தாராளமாக வாசிக்கலாம். தப்ரபேன் என்ற தீவில் சிறீகந்த என்ற புனித மலை. அதன் உச்சியிலிருந்து விண்ணுக்கு ஒரு மின்தூக்கி கட்ட விரும்புகிறார் வன்னவார் மோர்கன் என்ற பொறியியலாளர். உச்சியில் இருக்கும் மடத்துப் பிக்குமார் மலையைத் தர மறுக்கிறார்கள். வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை எட்டும் நாளில் மடம் மலையை விட்டு இறங்க வேண்டும் என்று ஒரு பழைய நம்பிக்கையும் அங்கே உண்டு. பிறகு 600 கிலோமீற்றர் உயரத்தில் சிக்கியவர்களை மீட்க மோர்கன் தனியாக ஏறும் பகுதி வருகிறது. அதை வாசிக்கத் தொடங்கினால் புத்தகத்தை மூடிவைக்க முடியாது. முடிவை நான் சொல்லமாட்டேன்.

அந்த மலை எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பருவகாலத்தில் நம் நாவலப்பிட்டி நிலையத்தில் ரயிலேறி ஹற்றனில் இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய், இரவோடிரவாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறுகிறோமே, அந்தச் சிவனொளிபாத மலையேதான். 2,243 மீற்றர் உயரம் போதாதென்று கதையில் அதை இரண்டு மடங்காக்கினார் கிளார்க். இன்னொரு மாற்றமும் செய்தார்: தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார்.

ஏன் நகர்த்தினார்? இதுதான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய கேள்வி. மத்தியகோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் கிழக்கு நோக்கிச் சுற்றும் செய்மதி, பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. ஆகவே நம் தலைக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிகிறது. அங்கிருந்து நேரே கீழே இறக்கிய கயிறு மத்தியகோட்டில்தான் தரை தொடும். சிவனொளிபாத மலை இருப்பதோ வடக்கே ஏறக்குறைய 6.8 பாகையில். ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று பெருக்கினால் 755 வருகிறது. கிளார்க்கின் 800 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? ஏழாம் தரப் பிள்ளை போடக்கூடிய பெருக்கல். ஒரு பெரிய எழுத்தாளன் கற்பனைக்காகவும் கணக்கை ஏமாற்றவில்லை என்பதை அந்தப் பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்ளும்.

அந்த 36,000 கிலோமீற்றர்க் கதையை அவர் 1945இலேயே எழுதிவிட்டார், நாவலாக அல்ல, தொழில்நுட்பக் கட்டுரையாக. மூன்று செய்மதிகள் போதும், உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்றார். 1969இல் மனிதன் சந்திரனில் இறங்கியபோது இங்கே தொலைக்காட்சி இல்லை, வானொலிதான். ஆறு ஆண்டு கழித்து, இந்தியா கிராமங்களுக்காக நடத்திய செய்மதித் தொலைக்காட்சிப் பரிசோதனையின்போது, இந்தியப் பொறியியலாளர்கள் கொழும்பில் அவர் வீட்டிலேயே ஒரு பெரிய தட்டு அன்டெனாவைப் பொருத்திக் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாளில் எழுதியதை அவர் தன் வீட்டில் உட்கார்ந்தே பார்த்தார். நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது அதற்கும் நாலு ஆண்டுகள் பின்னால்.

கிளார்க்கோடு நின்றுவிட வேண்டாம். 1961 ஏப்ரல் 12இல் 108 நிமிடங்களில் பூமியைச் சுற்றிவந்த யூரி ககாரின் அதே ஆண்டு டிசம்பரில் இலங்கைக்கு வந்தார். பேராதனைப் பூங்காவில் அவர் ஒரு மரம் நட்டார். நம் ஊரிலிருந்து உலப்பனை, கம்பளை, கெலிஓயா தாண்டினால் பேராதனை. சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள் ஓர்கிட் வீட்டோடு திரும்பிவிடாமல், விண்ணிலிருந்து பூமியை முதன்முதலில் பார்த்தவர் நட்ட மரத்தையும் காட்டுங்கள். அவர் தச்சுத் தொழிலாளியின் மகன் என்பதையும், வார்ப்பு வேலை பழகிய பிறகே விமானம் ஓட்டக் கற்றார் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

தொழிலாளி வீட்டுப் பிள்ளை என்றதும் நம் ஊர் நினைவுக்கு வருகிறது. இங்கே ரயில் வந்தது 1874இல். இன்றும் இங்கே எத்தனையோ வீடுகளில் ரயில்வே சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3 சந்திரனின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் இறங்கியபோது அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்த ப. வீரமுத்துவேல், விழுப்புரத்தில் ரயில்வே தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவரின் மகன். நம் நாட்டின் கதையும் உண்டு: தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா என்ற இரண்டு இளம் பொறியியலாளர்கள் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவாக்கிய இராவணா-1 செய்மதி, 2019 ஜூன் 17இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. எடை ஒரு கிலோகிராம் சொச்சம்தான். இருவரில் ஒருவர் பெண் என்பதை நம் பெண்பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் மேலே புகழ்ந்த பழைய சிறுவர் நாவல்கள் பெரும்பாலும் பையன்களின் உலகம். பெண்பிள்ளைக்கு அதில் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. கறுப்போ மாநிறமோ ஆன பிள்ளை விண்கப்பலைச் செலுத்துவது அதைவிட அரிது. அந்தக் குறையோடுதான் அவற்றைக் கையில் எடுக்க வேண்டும்.

தமிழில் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாயை வீட்டுக்கு வீடு அழைத்துவந்தார். அவர் பெரியவர்களை வென்றார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கான விண்பயணக் கதை இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. மொழிபெயர்ப்பு வந்தால் மகிழ்ச்சி. ஆனால் நாவலப்பிட்டியின் அடைமழையும், லயத்துக் கூரைமேல் எப்போதாவது விலகும் முகிலும், மலைப்படியில் விடியும் பொழுதும் தெரிந்த ஒருவர் எழுதும் விண்கதை வேறு மாதிரி இருக்கும். அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

ஆகவே, அடுத்த இதழிலிருந்து சிறுவர் பகுதியில் இரண்டு பக்கங்களை விண்பயணக் கதைகளுக்கு ஒதுக்குகிறோம். பெரியவர்களும் எழுதலாம், பிள்ளைகளும் எழுதலாம். பிள்ளைகள் எழுதுவதற்கே முதலிடம். கொப்பியின் நாலு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. அறிவுரை வேண்டாம், கதை போதும். கதையில் வரும் தூரத்துக்கோ வேகத்துக்கோ காற்றுக்கோ போட்ட கணக்கையும் கடைசிப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதைச் சரிபார்க்க எமக்கு உதவ முன்வர வேண்டும் என்று அன்போடு கேட்கிறேன். பிழை இருந்தால் கதையை ஒதுக்கமாட்டோம். திருத்தி எழுதும்படி குறிப்போடு திருப்பி அனுப்புவோம். கணினி வசதி இல்லாதவர்கள் கையெழுத்தில் அனுப்பலாம். முகவரி வழமைபோல உள் அட்டையில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்