சயாம் மரண ரயில் – கொடுக்கப்படாத கூலி

இரண்டாம் உலகப் போர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஹிட்லர், பேர்ல் ஹார்பர், ஹிரோஷிமா. பரீட்சையில் கேள்வி வந்தால் ஆண்டுகளை வரிசையாக எழுதிவிட்டு எழுந்து வந்துவிடலாம். அதே போரில் பல்லாயிரம் தமிழர்கள் துப்பாக்கியைக் கையால் தொடாமலேயே செத்தார்கள் என்பது அந்த விடைத்தாளில் வராது.

மறைமலை நகர் தொடங்கி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை ஜப்பானிய நிறுவனங்கள் நிறைய. வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்தும், வட ஆற்காடு, தஞ்சை, திருச்சி, சேலம் பக்கமிருந்தும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் கதை அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கப்பலேறும் முன் அவர்களைத் தங்கவைத்த முகாம்களில் ஒன்று ஆவடியில் இருந்தது. மறைமலை நகரிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம்!

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. மலாயா ரப்பரை வாங்கிக்கொண்டிருந்த இங்கிலாந்தும் அமெரிக்காவும் இப்போது எதிரி நாடுகள். வாங்க ஆளில்லை, தோட்டங்கள் முடங்கின. பர்மாவிலிருந்து வரும் அரிசியும் குறைந்தது. வேலையும் இல்லாமல் சோறும் இல்லாமல் தோட்டத்து லயங்களில் கிடந்தவர்களிடம்தான், சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், சில மாத வேலை, நல்ல கூலி என்று சொன்னார்கள். சிலர் நம்பிப் போனார்கள். ஆள் போதாதபோது பிடித்தும் ஏற்றினார்கள். இலவச சினிமா என்று அழைத்துக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதைகளை மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்வதுண்டு.

பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். தாய்லாந்தின் பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, காடும் மலையும் ஆறும். 1942 நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்துவிட்டது. அவ்வளவு அவசரம்! 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூலி முகாம்கள் அப்படியே காலியாயின. அங்கே வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர். இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் அளவில். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்று எல்லோரும் உண்டு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 பேராவது இருக்கும் என்கிறார்கள்.

ஏன் "என்கிறார்கள்"? கைதிகளோடு அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள். ஒளித்து வைத்தாவது யார் எப்போது செத்தார் என்று எழுதினார்கள். அதனால் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தோட்டத்துத் தமிழனோடு டாக்டரும் இல்லை, எழுதி வைக்க ஆளும் இல்லை. 1957-ல் வந்து ஏழு ஆஸ்கர் வாங்கிய "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்" படத்திலும் கதை வெள்ளைக்காரக் கைதிகளுடையதே. படம் எடுத்தது இலங்கையில், அதுதான் வேடிக்கை.

சரி, போர் முடிந்த பிறகு கணக்கு எப்படித் தீர்ந்தது? உயிர் பிழைத்தவர்கள் கையில் இருந்தது ஜப்பானியர் அச்சடித்த, வாழைமரம் போட்ட நோட்டு. 1945-ல் அது வெறும் காகிதமாகிவிட்டது. பாதையை 1946-ல் தாய்லாந்து அரசுக்கு 12.5 லட்சம் பவுண்டுக்கு விற்றது பிரிட்டன். 1951-ல் கையெழுத்தான சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின் வழியே பிரிட்டிஷ் கைதிகளுக்குத் தலைக்கு 76 பவுண்டு சொச்சம் கிடைத்தது. அது போதாது என்று அவர்கள் விடாமல் கேட்டதால், 2000-ஆம் ஆண்டில் பிரிட்டன் அரசே ஆளுக்கு 10,000 பவுண்டு தருவதாக அறிவித்தது. கேட்டது தப்பில்லை. அவர்களுக்காகக் கேட்க ஒரு நாடு இருந்தது.

தமிழனுக்காக யார் கேட்பது? மலாயா அப்போது பிரிட்டிஷ் காலனி. அதன் சார்பில் பிரிட்டனே கையெழுத்துப் போட்டு இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்தது. இந்தியா 1952-ல் ஜப்பானோடு தனி ஒப்பந்தம் செய்து, இழப்பீடு வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டது. 1967-ல் ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி மலேசிய டாலர் தர ஒப்புக்கொண்டது. அதுவும் சரக்குக் கப்பல்களாக வந்து சேர்ந்தது. நாடுகளுக்கிடையே கணக்கு நேர்! செத்தவனின் கூலி மட்டும் யார் புத்தகத்திலும் வரவில்லை. வணிகவியலில் வாராக்கடனைத் தள்ளுபடி செய்வதற்கும் முதலில் அந்தக் கடனைக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும். இங்கே அதுவே நடக்கவில்லையே.

பழைய பகையைக் கிளற வேண்டும் என்பதல்ல இது. இன்றைய ஜப்பானியரிடம் போய்ப் பணம் கேட்கச் சொல்வதும் அல்ல. நாடுகள் கையெழுத்துப் போட்டதைத் திருப்ப முடியாது என்பது தெரிந்ததே. ஆனால் பெயர்களைச் சேர்க்க யாருடைய ஒப்பந்தமும் தடையில்லை.

2023-ல் காஞ்சனபுரியில், தமிழர்கள் புதைக்கப்பட்ட இடத்தில் ஒரு நடுகல் வைக்கப்பட்டது. தமிழக அரசும் நிதி கொடுத்தது. பாராட்ட வேண்டியதுதான். என்றாலும் வெள்ளைக்காரக் கல்லறைகளில் உள்ளது போல ஆளுக்கொரு பெயர் அங்கே இல்லை. மலேசியத் தோட்டங்களின் செக்ரோல்கள் எங்காவது மிஞ்சியிருக்கலாம். இங்கே கிராமங்களில் "தாத்தாவோட அண்ணன் மலேயா போனாரு, திரும்பி வரல" என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பி எழுதி வாங்கலாமே. 1943-ல் அப்பாவை லாரியில் ஏற்றியதைப் பார்த்த பத்து வயதுப் பிள்ளைகள் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள்.