தண்ணீர் கம்பெனி கைமாறினால் நம்ம பில் என்னவாகும்?

குழாயில் வருவது அதே தண்ணீர்தான். பில்லில் இருக்கும் பெயர் மட்டும் மாறிவிடும். சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மக்களுக்கு இது புதிதல்ல. 2005-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் குடிநீர் விநியோகமும் கட்டண வசூலும் 30 ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் ஷாபாஸ் நிறுவனத்திடம் சென்றன. இன்று அந்தப் பொறுப்பு ஆயர் சிலாங்கூரிடம் இருக்கிறது. இப்படிக் கைமாறும்போது பயனீட்டாளரைப் பாதுகாப்பது யார்?

கைமாற்ற யார் அனுமதி வேண்டும்?

தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் 2006 நீர் சேவைகள் தொழில் சட்டம் பொருந்தும். குடிநீர், கழிவுநீர் இரண்டும் அதில் அடங்கும். உரிமம் பெற்ற நிறுவனம், அமைச்சரின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் அதை வேறொருவருக்கு மாற்ற முடியாது. கண்காணிப்பது ஸ்பான் எனப்படும் தேசிய நீர் சேவைகள் ஆணையம். தேசிய நலன் கருதி, ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டை அரசே ஏற்க 114-வது பிரிவு வழி விடுகிறது. அது கடைசி ஆயுதம்.

சிலாங்கூரில் ஏன் இவ்வளவு இழுபறி?

பிரச்சினை விலைதான். ஷாபாஸின் ஒப்பந்தம் 2009-இல் 37 விழுக்காடு கட்டண உயர்வுக்கு இடமளித்தது. மாநில அரசு அதை ஏற்கவில்லை. 2015-இல் ஷாபாஸ் ஆயர் சிலாங்கூரிடம் வந்தது. ஆனால் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஸ்பிளாஷ் நிறுவனம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் சுமார் 25 கோடி ரிங்கிட் தருவதாகச் சொன்னதை அது நிராகரித்தது. 2018-இல் முடிவான விலையோ 255 கோடி ரிங்கிட்! தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. கொடுத்த பணத்தை அரசு நிதியிலிருந்தோ, வருங்காலக் கட்டணத்திலிருந்தோதான் ஈடுகட்ட வேண்டும். சுற்றி வளைத்தால் அது நம்ம பணம்தான்.

கழிவுநீர்க் கதை வேறா?

1994-இல் தனியார்மயமான இண்டா வாட்டர், 2000-இல் நிதியமைச்சின் கீழ் வந்தது. தண்ணீர் பில் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம். கழிவுநீர்க் குழாயை அப்படி வீடு வீடாக அடைக்க முடியுமா? சுகாதாரமே கெட்டுவிடும். அதனால் வசூல் கடினம்; நட்டத்தோடு அந்தச் சேவையை வாங்க யாரும் எளிதில் முன்வர மாட்டார்கள்.

மற்ற நாடுகளில் எப்படி?

இங்கிலாந்தில் 2017 ஏப்ரல் முதல் வணிக நிறுவனங்கள் தங்கள் தண்ணீர், கழிவுநீர் சேவைக்கான விற்பனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தச் சந்தையிலிருந்து விலக நினைத்த பெரிய கம்பெனிகள், அரசின் அனுமதியோடு வாடிக்கையாளர்களை வேறு நிறுவனத்திடம் ஒப்படைத்தன. தேம்ஸ் வாட்டர் தன் வணிக வாடிக்கையாளர்களைக் காசல் வாட்டரிடம் கொடுத்தது. குழாய்கள் பழைய கம்பெனியிடமே இருந்தன. மாறியது பில்லும் வாடிக்கையாளர் சேவையும். புதிய ஒப்பந்தம் எதையும் தேர்ந்தெடுக்காதவர்களுக்கான விலைக்கும் நிபந்தனைக்கும் ஆஃப்வாட் எனும் ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுத்தது. வீடுகள் இந்தச் சந்தையில் சேர்க்கப்படவில்லை.

நாம கவனிக்க வேண்டியது என்ன?

பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்கு மாறிக்கலாம் என்ற வசதி இங்கே வீடுகளுக்கு இல்லை. கைபேசிச் சேவை மாதிரி இது இல்லை. அதனால் ஒரு நிறுவனம் கைமாறும்போது மூன்று கேள்விகளுக்கு வெளிப்படையான பதில் வேண்டும்: விலை எவ்வளவு? பழைய கடனை யார் ஏற்பது? வைப்புத் தொகையும் நிலுவைப் புகார்களும் யாரிடம் போகும்?

நம் பங்குக்கு, மாற்றம் நடக்கும் நாளில் மீட்டர் அளவைப் படம் எடுத்து வைக்கலாம். கடைசி பில்லையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். கணக்கில் குளறுபடி என்றால் முதலில் நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் ஸ்பானிடம் கொண்டு போகலாம்.