வெயில் இலவசம், இரவு?

"வெயிலுக்கு எவரும் விலை கேட்பதில்லை. ஊர்தோறும் சூரியத் தகடுகளைப் பரப்பிவிட்டால் மின்சாரக் கவலை ஒழிந்தது" என்று நம்மவர் பலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில் அவர்களை ஒன்று கேட்கிறேன்: மாலை ஆறு மணிக்குப் பின் என் செய்வது?

இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 2012-ஆம் ஆண்டு தமிழ்நாட்டை மின்வெட்டு வாட்டியபோது நான் பத்து வயதுச் சிறுவன். பகலெல்லாம் வெயில் கொளுத்தும். அந்தி சாய்ந்தால் ஓர் அரிக்கேன் விளக்கைச் சுற்றி நாங்கள் மூவர் படிப்போம். "இந்த வெயிலில் ஒரு பிடியை ராத்திரிக்கு எடுத்து வைக்க முடியாதா?" என்று அம்மா அலுத்துக்கொண்டது இன்றும் நினைவில் நிற்கிறது.

எடுத்து வைக்கலாம். அதற்குத்தான் சேமக்கலங்கள், அதாவது பாட்டரிகள், இருக்கின்றன. பதினோராம் நூற்றாண்டுச் சூரியன் கோயிலால் புகழ்பெற்ற குஜராத்தின் மொதேரா, 2022 அக்டோபரில் இருபத்து நான்கு மணி நேரமும் சூரிய மின்சாரம் பெறும் ஊராக அறிவிக்கப்பட்டது. அருகே 6 மெகாவாட் நிலையம். அதனோடு 15 மெகாவாட்-மணி சேமக்கலம். ஆயிரத்துக்கு மேற்பட்ட கூரைகளில் தகடுகள். கணக்கைப் பாருங்கள்: 6 மெகாவாட்டையும் ஒருசேரச் செலவிட்டால் அச்சேமிப்பு இரண்டரை மணி நேரமே தாங்கும். விளக்கும் விசிறியும் இரவில் கேட்பது அதனினும் குறைவு. ஆதலின் இரவைக் கடத்த முடிகிறது. ஆனால் மத்திய, மாநில அரசுகள் அங்கே ஏறக்குறைய 80 கோடி ரூபாய் செலவிட்டன. எல்லா ஊருக்கும் அந்த யோகம் வாய்க்குமா?

பீகாரின் தர்ணைக் கிராமத்தை எண்ணிப் பாருங்கள். 2014-இல் அங்கே 100 கிலோவாட் சூரிய நிலையம் விழாவோடு தொடங்கிற்று. சில ஆண்டுகளில் சேமக்கலங்கள் ஓய்ந்தன, புதுப்பிப்பார் இல்லை. அரசின் மின்கம்பி குறைந்த விலையில் ஊருக்குள் வந்தது. தொடங்கியதைக் கொண்டாடிய நிலையம் மாட்டுக் கொட்டகையாயிற்று.

குற்றம் வெயிலினுடையதா? அன்று. தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். சேமக்கலமோ நிரம்பி வடியும் ஒவ்வொரு முறையும் சிறிது தேயும். ஈயக் கலமாயின் சில ஆண்டுகள். லித்தியக் கலமாயின் பத்துப் பதினைந்து ஆண்டுகள். அடுத்த கலம் வாங்கும் பணத்தை முதல் மாதத்திலிருந்தே ஒதுக்காத ஊர், வித்து நெல்லையும் உண்டுவிட்ட உழவனுக்கு ஒப்பாகும்.

இன்னொன்று. கர்நாடகத்தின் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில் மாபெரும் சூரியப் பூங்கா எழுந்தது. நிலத்தை விற்கச் சொல்லாமல் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகை பேசியது போற்றத்தக்கது. ஆனால் அந்த நிலத்தில் களை எடுத்துக் கூலி பெற்றவளுக்குக் குத்தகை எங்கே? அவள் பெயரில் பட்டா இல்லையே!

ஆகவே, சிற்றூரில் சூரிய நிலையம் வேண்டும் என்று சொல்லும் நான், மூன்று நிபந்தனைகளையும் சேர்த்தே சொல்கிறேன். ஒன்று, அது அரசின் மின்கம்பியோடு இணையட்டும். தனித்தீவாய் நின்று தவிக்க வேண்டா. இரண்டு, சேமக்கல நிதி தனிக் கணக்கில், கிராம சபையின் பார்வையில் இருக்கட்டும். மூன்று, தகடு துடைப்பது முதல் பழுது பார்ப்பது வரை உள்ள வேலை, நிலமற்ற குடும்பங்களுக்கே முதலில் போகட்டும். இவற்றால் செலவு ஏறும் என்பர். ஏறட்டும், மாட்டுக் கொட்டகையாவதற்கு ஆகும் செலவைவிட அது குறைவே.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை பொறியாளராகவும் அதிகாரியாகவும் இத்தகைய திட்டங்களில் கையெழுத்திடப் போகிறவர்கள். அன்று எத்தனை மெகாவாட் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பத்தாவது ஆண்டின் மாலையில் அவ்வூரில் விளக்கு எரியுமா என்றும் கேளுங்கள்.