கிளீனர் இல்லாத லாரி. கைகொடுக்கும் வாட்ஸ்அப் குழு

நாமக்கல்:
லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில், முன்பெல்லாம் கிளீனராக ஏறி, டிரைவர் அண்ணனிடம் திட்டு வாங்கித்தான் தொழில் படிப்பார்கள். இப்போது பல லாரிகளில் கிளீனரே கிடையாது. அந்த இடத்தை வாட்ஸ்அப் குழு பிடித்துவிட்டது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு இந்தத் தேவை கூடியது. புது வண்டி முழுக்க சென்சார். ஆட்புளூ தீர்ந்தால் இழுவை குறையும். மொழி தெரியாத ஊரில் நிற்கும் டிரைவர், "அண்ணே, லைட் எரியுது, வண்டி இழுக்கல" என்று குரல் பதிவு போட்டால், முன்பு அதே சிக்கலில் மாட்டியவர் வழி சொல்கிறார். டைப் அடிக்கத் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் குழுவில் வருவதெல்லாம் வேதவாக்கு அல்ல. விபத்து ஏற்படுத்திவிட்டு தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை ஜெயில் என்ற சட்டப்பிரிவை எதிர்த்து, 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் டிரைவர்கள் ஸ்டிரைக்கில் குதித்தனர். '7 லட்சம் அபராதம்' என்றும் தகவல் பறந்தது. பிரிவில் அபராதம் உண்டு. 7 லட்சம் என்ற தொகை இல்லை. ஜூலை 1-ந்தேதி புதுச் சட்டம் அமலானபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

ரிப்பேர் விஷயத்தில் பட்டவர் பேச்சை நம்பலாம். சட்டம் என்றால் விசாரித்துத்தான் நம்பணும். எதுவானாலும் வண்டியை ஓரங்கட்டிய பிறகே போனை எடுக்கணும். ஓட்டிக்கொண்டே எடுத்தால் சட்டப்படி 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அதைவிட, உயிர் முக்கியம்.