மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்ஸா?

'மைனஸ் 3-உடன் மைனஸ் 5-ஐக் கூட்டினால் எவ்வளவு?' உங்கள் வீட்டு ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். 'மைனஸ் மைனஸ் பிளஸ்' என்று முணுமுணுத்துவிட்டு, 'பிளஸ் 8' என்று பதில் வரலாம். பக்கத்தில் இருக்கும் பெரியவர்களும் 'ஆமாம், அப்படித்தானே படிச்சோம்' என்று தலையாட்டக்கூடும். ஆனால், சரியான விடை மைனஸ் 8.

பெரியவர்கள் தடுமாறுவதும் புதிதல்ல. 2007-ம் ஆண்டு பிரிட்டனின் தேசிய லாட்டரியில் 'கூல் கேஷ்' என்ற சுரண்டல் அட்டை விற்பனைக்கு வந்தது. அட்டையில் அச்சிட்ட வெப்பநிலையைவிட, சுரண்டினால் தெரியும் வெப்பநிலை குறைவாக இருந்தால் பரிசு. மைனஸ் 8 என்று அச்சிட்ட அட்டையில் மைனஸ் 6 வந்தவர்கள், '8-ஐவிட 6 சிறியதுதானே, பரிசைக் கொடுங்கள்' என்று கேட்டார்கள். மைனஸ் 6 டிகிரியைவிட மைனஸ் 8 டிகிரிதான் அதிகக் குளிர் என்பது பலருக்குப் பிடிபடவில்லை. புகார்கள் வரவே, ஒரே வாரத்தில் அந்த அட்டை திரும்பப் பெறப்பட்டது.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

ஐந்தாம் வகுப்பு வரை எண் என்றால், எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று. நான்கு மாம்பழம் இருக்கும். மைனஸ் நான்கு மாம்பழத்தைக் கண்ணில் காட்ட முடியாது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பில் 'முழுக்கள்' என்ற பெயரில் மிகை எண்களும் குறை எண்களும் அறிமுகமாகின்றன. ஏழாம் வகுப்பில் அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் கற்றுத்தருகிறார்கள்.

'மைனஸ் மைனஸ் பிளஸ்' என்பது பெருக்கலுக்கான விதி. சொல்லச் சுலபமாக இருப்பதால் அது நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு கூட்டல் கணக்கிலும் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. அங்கே பிடித்த தவறு இயற்கணிதம், சமன்பாடு என்று பத்தாம் வகுப்பு வரை கூடவே வரும். ஒவ்வொரு பரீட்சையிலும் மதிப்பெண் போய், கடைசியில் 'எனக்குக் கணக்கே வராது' என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடும். உண்மையில் இடம் மாறி உட்கார்ந்தது ஒரே ஒரு விதிதான்.

மளிகைக் கடை நோட்டு

இதைச் சரிசெய்ய மளிகைக் கடையின் கடன் நோட்டு போதும். கடையில் ஏற்கெனவே 50 ரூபாய் பாக்கி. இன்று இன்னும் 20 ரூபாய்க்குக் கடனாகப் பருப்பு வாங்குகிறீர்கள். கணக்கு: (-50) + (-20). இரண்டு முறை கடன் வாங்கியவர் பணக்காரர் ஆகிவிடுவாரா என்ன? பாக்கி 70 ரூபாய், அதாவது -70.

மறுநாள் 30 ரூபாய் கொடுக்கிறீர்கள். (-70) + 30 = -40. பாக்கி குறைந்திருக்கிறது, தீரவில்லை. 100 ரூபாயாகக் கொடுத்திருந்தால் பாக்கி தீர்ந்து 30 ரூபாய் கையில் மிஞ்சியிருக்கும்: (-70) + 100 = 30. சரியாக 70 கொடுத்திருந்தால் பூஜ்யம். கூட்டலில் வரக்கூடிய எல்லா வகையும் இந்த ஒரு நோட்டில் அடங்கிவிடுகிறது.

இந்த யோசனை புதிதல்ல. இன்றைய ராஜஸ்தானில் உள்ள பின்மாலில் வாழ்ந்ததாகக் கருதப்படும் பிரம்மகுப்தர், 628-ம் ஆண்டு எழுதிய 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' நூலில் மிகை எண்ணை 'தனம்' என்றும், குறை எண்ணை 'ருணம்', அதாவது கடன் என்றும் அழைத்தார். கடனும் கடனும் சேர்ந்தால் கடன், தனமும் கடனும் சேர்ந்தால் அவற்றின் வித்தியாசம், இரண்டும் சமமானால் பூஜ்யம் என்று விதியும் வகுத்தார். அதற்கும் முன்பே சீனர்கள் மிகை எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சி வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் இந்த எண்களை ஏற்கத் தயங்கியவர்கள் வெகுகாலம் இருந்தார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் மசேர்ஸ், மைனஸ் எண்களை எதிர்த்து 1758-ல் ஒரு புத்தகமே எழுதினார். படித்தவர்களே முரண்டுபிடித்த விஷயத்தில் 12 வயதுப் பிள்ளை திணறினால், அதை மக்கு என்று திட்டுவது நியாயமில்லை.

புளியங்கொட்டையும் சோழியும்

சீனக் குச்சிக்குப் பதிலாக நம் வீட்டில் புளியங்கொட்டையும் சோழியும் இருக்கின்றன. ஒரு புளியங்கொட்டை ஒரு ரூபாய் கடன். ஒரு சோழி கையில் ஒரு ரூபாய். ஒரு கொட்டையும் ஒரு சோழியும் சேர்ந்தால் கணக்குத் தீர்ந்தது, ஜோடியாக எடுத்துவிடலாம்.

(-7) + 4 என்ற கணக்குக்கு 7 கொட்டை, 4 சோழி வையுங்கள். நான்கு ஜோடிகள் போக, மிஞ்சுவது 3 கொட்டை. விடை -3. (-3) + (-5) கணக்கில் சோழியே கிடையாது. எல்லாம் கொட்டைதான், மொத்தம் 8. இதில் பிளஸ் எங்கிருந்து வரும்?

ஒரு குறி, இரண்டு வேலை

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் அந்தச் சின்னக் கோடு. 8 - 5 என்பதில் அது 'கழி' என்று வேலை சொல்கிறது. (-5) என்பதில் 'இது கடன் எண்' என்று அடையாளம் சொல்கிறது. வாய்விட்டுப் படிக்கும்போது முதலாவதை 'கழித்தல்' என்றும், இரண்டாவதை 'மைனஸ்' என்றும் பிரித்துச் சொல்லப் பழக்குங்கள்.

அப்போது (-5) - (-2) என்பது 'மைனஸ் 5-ல் மைனஸ் 2-ஐக் கழித்தல்' ஆகிறது. 5 கொட்டையில் 2 கொட்டையை எடுத்துவிட்டால் மீதி 3 கொட்டை, அதாவது -3. கடைக்காரர் 2 ரூபாய் கடனைத் தள்ளுபடி செய்தது மாதிரி. கடன் குறைவது நமக்கு லாபம்தானே? அதனால்தான் இங்கே மட்டும் மைனஸும் மைனஸும் சேர்ந்து '+ 2' ஆகின்றன.

இந்த வாரம் வீட்டில்...

சோழி இல்லாவிட்டால் இரண்டு நிறப் பட்டன்கள் போதும். விதி எதையும் சொல்லாமல், இந்த மூன்றையும் பிள்ளையிடம் கொடுங்கள்:

1. லேயில் காலையில் மைனஸ் 9 டிகிரி. மதியத்துக்குள் 6 டிகிரி ஏறியது. இப்போது எவ்வளவு?

2. தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில் காரை நிறுத்திவிட்டு, லிஃப்டில் 5 தளங்கள் ஏறினால் எந்தத் தளம்? தரைத்தளம் பூஜ்யம்.

3. (-6) + (-4) எவ்வளவு?

விடைகள்: -3, 3, -10. மூன்றாவதுக்கு 10 என்று பதில் வந்தால் கோபப்பட வேண்டாம். 'ரெண்டு தடவை கடன் வாங்கினா என்ன ஆகும்?' என்று மட்டும் கேளுங்கள். பிள்ளையே அழித்துவிட்டுத் திருத்தி எழுதும்.