காரோட்டில் தீரும் சாலை

திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டாண்டில் நாகர்கோவில் வண்டி புறப்படக் காத்திருந்தபோது நடத்துநரிடம் கேட்டேன்: "பைபாஸ் வழியா போனா என்ன அண்ணாச்சி?" சிரித்தார். "போலாம். ரோடு காரோட்டோட தீந்துரும். அதுக்கப்புறம் நீரா தள்ளுவீரு?"

கழக்கூட்டம் முதல் காரோடு வரையிலான புறவழிச்சாலை 43 கிலோமீட்டர். அதில் முக்கோலைக்குத் தெற்கே 16 கிலோமீட்டர் கான்கிரீட் சாலை. ஒருநாள் பைக்கில் போய்ப் பார்த்தேன். கோவளம், விழிஞ்ஞம் திருப்பங்கள் கழிந்ததும் வாகனங்கள் உதிர ஆரம்பித்தன. தமிழ்நாட்டு எல்லையை நெருங்கும்போது எனக்கு முன்னால் ஒரு பெண் ஸ்கூட்டர் பழகிக்கொண்டிருந்தார். பின்னால் பிடித்தபடி அவருடைய அப்பா ஓடிக்கொண்டிருந்தார். நான்கு வழியும் அவர்களுக்கே. திருவல்லத்தில் 2021இல் எதிர்ப்புக்கிடையே சுங்கம் வசூலிக்கத் தொடங்கியவர்கள், இந்தக் கடைசி ஐந்தாறு கிலோமீட்டரை வந்து பார்த்தால் நல்லது.

காரோட்டுக்கு அப்பால் வில்லுக்குறி வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகவேண்டிய நான்குவழிச் சாலை பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. பழைய ஒப்பந்தம் ரத்தாகி, புதிய மதிப்பீடு போட்டுத்தான் வேலை மீண்டும் தொடங்கியது. இரு பக்கமும் சாலை போடுவது ஒரே தேசிய நெடுஞ்சாலை ஆணையம். பிறகு ஏன் இந்த இடைவெளி? மண்.

குமரி மாவட்டத்தில் சாலை போகவேண்டிய வழி பெரும்பாலும் வயலும் குளமுமான தாழ்நிலம். அதன் குறுக்கே நெடுஞ்சாலை போக வேண்டுமானால் மேடு கட்டவேண்டும். மேட்டுக்கு மலைமலையாக மண் வேண்டும். சாலை மத்திய அரசுடையது, ஆனால் மண் அள்ள அனுமதிப்பது மாநில அரசு. மலையோரத்தில் அள்ளக் கட்டுப்பாடு. குளத்தை நிரப்பிச் சாலை போடாதே என்று விவசாயிகள். அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் அதே மாவட்டத்துக் கல்லை ஏற்றிக்கொண்டு டாரஸ் லாரிகள் களியக்காவிளை வழியே வடக்கே போய்க்கொண்டுதான் இருந்தன. விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கும் தமிழ்நாட்டுக் கல் போயிற்று. கல்லுக்கு எல்லை திறந்திருந்தது. சாலைக்கு மட்டும் அடைத்துக் கிடந்தது.

இந்த எல்லை 1956 நவம்பர் 1 அன்று விழுந்த கோடு. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் நின்றது. கல்யாணத்துக்குத் துணி எடுக்கத் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுக்கும், பெரிய நோய் என்றால் மெடிக்கல் காலேஜுக்கும் போவதை அந்தக் கோடு தடுக்கவில்லை. அடைப்பு என்றால் என்னவென்று உண்மையில் தெரிந்தது கொரோனாவில்தான். கேரள பஸ் எல்லைக்கு அப்புறம் நிற்கும். இறங்கி, மூட்டையும் முடிச்சுமாகச் செக்போஸ்ட்டை நடந்து கடந்து, இப்புறம் தமிழ்நாட்டு பஸ் பிடிக்கவேண்டும். 2020 மார்ச்சில் நின்ற நேரடிப் போக்குவரத்து 2021 டிசம்பரில்தான் திரும்பியது. போலீஸ் தடுப்பை ஒரே உத்தரவில் எடுத்துவிட முடிந்தது.

கோப்பு போட்ட தடுப்பை அப்படி எடுக்க முடியாது. நெய்யாறு இடதுகரைக் கால்வாயைப் பாருங்கள். விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் தரக் கட்டியது. 2004இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அங்கே தண்ணீர் விடாதவர்கள் கேரளத்தார். இங்கே மண் விடாதவர்கள் நாம். யாரும் யாரையும் குறைசொல்லும் நிலையில் இல்லை. ஒரு மாநிலத்தில் தொடங்கி இன்னொன்றில் முடியும் வேலைக்கு, மண்ணும் நீரும் எங்கிருந்து வரும் என்று இரு மாவட்ட ஆட்சியர்களும் முதலிலேயே உட்கார்ந்து கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளி அதற்குப் பிறகு.

இதற்கிடையே மொத்தப் பாரமும் பழைய சாலையின் தலையில். கரமனையிலிருந்து அகலமாகிக்கொண்டே வந்த அது கொடிநடையோடு குறுகிவிடுகிறது. அடுத்தது பாலராமபுரம் சந்திப்பு. நாங்கள் போன வண்டியும் அங்கேதான் நின்றது. நடத்துநர் இறங்கி, எதிர்க்கடையில் ஒரு சாயா வாங்கிக் குடித்துவிட்டு, கிளாஸைக் கொடுத்துவிட்டு ஏறினார். வண்டி அதே கைத்தறிக் கடை வாசலில்தான் இருந்தது.