தானமாக வந்த மாட்டையும் பல் பார்க்க வேண்டும்!

மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. கம்பளிக்குப் பேர்போன "பாரத் மெரினோ" ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். கிடா நல்ல ஜாதியாக இருந்தால் மந்தை செழிக்கும். கிடா நோஞ்சானாக இருந்தால்? மந்தையும் நோஞ்சான்தான்!

கம்ப்யூட்டர் விஷயத்திலும் இதே கதைதான்.

கோடையில் ஒரு நாள்

கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் சுமார் 35 கிலோ மீட்டர். எல்லாம் மலைப்பாதை. அங்கே ஒரு தங்கும் விடுதி. அதில் 6 கம்ப்யூட்டர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

மே மாதம். வாசலில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த நேரம் பார்த்து, பில் போடும் கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறது! மெக்கானிக் கொடைக்கானலில் இருந்து வரவேண்டும். வந்தவர் விண்டோஸ் ஏற்றி, பிரிண்டரைச் சேர்த்து, தமிழ் எழுத்தைப் போட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஏச்சு யாருக்கு? மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு!

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது.

பேய் செய்யும் வேலை

நன்றாக ஓடும் கம்ப்யூட்டரின் டிஸ்க்கை, உள்ளே இருப்பது இருந்தபடியே பிரதி எடுத்து வைக்கலாம். இதற்கு "இமேஜ்" என்று பெயர். தாய்ப் பிரதி என்று சொன்னால் சுலபமாகப் புரியும். படுத்துப்போன கம்ப்யூட்டரில் அதை ஏற்றினால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

இந்த வேலையில் முதலில் புகழ் பெற்றது "கோஸ்ட்". கோஸ்ட் என்றால் பேய்! 1995ல் நியூசிலாந்தில் பிறந்த இதை, 1998ல் அமெரிக்காவின் சைமன்டெக் கம்பெனி வாங்கிக்கொண்டது.

இப்போது இலவசமாகவே நல்ல சாப்ட்வேர்கள் கிடைக்கின்றன. தைவானில் உருவான "குளோன்ஜில்லா" ஒன்று. "ஃபாக்" மற்றொன்று.

இலவசம் என்றால் மட்டமா? இல்லை. கேரளத்தில் அரசின் "கைட்" நிறுவனம், பள்ளிக்கூடங்களில் உள்ள 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்காக 2019ல் வெளியிட்ட தொகுப்பு, லினக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரில் செய்ததுதான்!

எது ஏற்றது?

ஃபாக் வேலை செய்யத் தனியாக ஒரு சர்வர் கம்ப்யூட்டர் வேண்டும். கேபிள் வழியாக ஒரே சமயத்தில் பல மெஷின்களுக்குப் பிரதியை அனுப்பும். அதைப் பார்த்துக்கொள்ள விவரம் தெரிந்த ஆளும் வேண்டும். 50 கம்ப்யூட்டர் உள்ள கல்லூரிக்கு அது சரி.

இன்டர்நெட் வழியாகவே எல்லாவற்றையும் இறக்கும் ஏற்பாடுகளும் உண்டு. மலையில் மரம் விழுந்து லைன் அறுந்தால் என்ன செய்வது?

ஐந்து, பத்து கம்ப்யூட்டர் உள்ள சிறு வியாபாரிக்குக் குளோன்ஜில்லா போதும். அது ஒரு பென் டிரைவில் அடங்கும். பிரதியை வைக்க இன்னொரு டிஸ்க் வேண்டும். இன்டர்நெட் தேவை இல்லை.

பல் பார்ப்பது எப்படி?

தானமாக வந்த மாட்டைப் பல் பார்க்காதே என்பார்கள். சாப்ட்வேர் விஷயத்தில் அது சரிப்படாது. இலவசமானாலும் பல்லைப் பார்த்தே தீரவேண்டும்.

முதலாவது, அளவு. பிரதி எடுத்த டிஸ்க்கைவிடச் சிறிய டிஸ்க்கில் குளோன்ஜில்லா சாதாரணமாக ஏற்றாது.

இரண்டாவது, உரிமம். கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸைப் பிரதி எடுத்து மற்ற மெஷின்களில் போட அந்த உரிமம் இடம் கொடுக்காது. அதற்குத் தனி உரிமம் வாங்கவேண்டும். பிரதி எடுக்குமுன் "சிஸ்பிரெப்" என்ற புரோகிராமையும் ஓட்டவேண்டும்.

மூன்றாவது, ஆரோக்கியம். 2017 மே மாதம் "வானாக்ரை" என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளைக் கலக்கியது. அதைத் தடுக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. அதை ஏற்றாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். தாய்ப் பிரதியும் பழசாகிவிட்டால் ஆபத்துதான். விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14ல் நின்றுவிட்டது. அந்தப் பிரதியையே இன்னும் ஏற்றிக்கொண்டிருப்பது, நோயுள்ள பூண்டை விதைப் பூண்டாகப் போடுவது போன்றது!

ஒத்திகை

இன்னொன்று முக்கியம். தாய்ப் பிரதியில் நேற்றைய கணக்கு இருக்காது. பிரதி எடுத்த நாள் வரைதான் அதற்குத் தெரியும். ஆகவே, கணக்கைத் தினமும் தனியாக எடுத்து வைக்கவேண்டும்.

எந்தச் சாப்ட்வேரையும் நம்புவதற்கு முன்னால் ஒத்திகை பாருங்கள். வியாபாரம் இல்லாத மழைக்கால நாளாகப் பார்த்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் பிரதியை ஏற்றச் சொல்லுங்கள். யாரை? மெக்கானிக்கை அல்ல, பில் போடும் பெண்ணையே! பக்கத்தில் குறிப்பு எழுதிய தாள் இருக்கட்டும்.

அவர் தாமாகவே ஏற்றிவிட்டால், அதுதான் உங்களுக்கு ஏற்ற சாப்ட்வேர். ஏற்ற முடியாவிட்டால், லட்ச ரூபாய் கொடுத்து வாங்கியதானாலும் பயன் இல்லை. மே மாதத்தில் ஏச்சு வாங்கப்போகிறவர் அந்தப் பெண்தானே!